சட்டைப் பையில் இருந்த பம்ப்

அந்தமானில் மாயாபந்தர் ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். விண்ணப்பப் பாரத்தைக் கையில் வாங்கியதுமே திருப்பித்தான் பார்ப்பேன். பின்பக்கம் காலியாக இருந்தால் தீர்ந்தது. "இத யாரு நிரப்புறது, உங்க மாமனாரா?" என்று கத்துவேன். வங்காளிக்கு இந்தியில், நம்மாளுக்குத் தமிழில். மெயின்லேண்டுக்கு அவசரமாகப் போகிறவனும் வரிசையின் கடைசிக்குப் போய் நிரப்பிக்கொண்டுதான் வரவேண்டும். அப்படிப்பட்ட ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. வாழ வந்த வீட்டுக்குப் பின்னால் கொப்பரைக் கொட்டகை. மழை விடாத ஊரில் தேங்காயை வெயிலில் காயவைக்க முடியாது. மட்டையை எரித்துப் புகையில்தான் வாட்ட வேண்டும். நான் ஆபீஸுக்குப் போய்விடுவேன். புகை அவளுக்கு. ஐம்பதைத் தாண்டியபின் இழுப்பு வந்து போகவில்லை, வந்து தங்கிவிட்டது. எங்கள் டாக்டர் சொன்னார்: "ஆஸ்துமா மட்டும்னு தோணல. நுரையீரல் எவ்வளவு வேலை செய்யுதுன்னு மெஷின்ல ஊதிப் பாக்கணும். அது தெரியாம சரியான மருந்து குடுக்க முடியாது." போர்ட் பிளேரில் ஊதுவதற்குத் தேதி கிடைக்கவே மூன்று மாதம் ஆனது. கூடவே இந்தியில் அச்சடித்த ஒரு தாள் வந்தது. ஊதுவதற்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து, இழுப்பு வந்தால் வாயில் வைத்து அடிக்கும் பம்பை அடிக்கக் கூடாது என்று அதில் இருந்தது.

ஊதும் நேரம் மாலை நாலு. பத்து மணி வரைக்கும் அவள் அடித்திருக்கலாம். ஆனால் நான் யார்! விடியற்காலை ஐந்து மணிக்கு பஸ் ஏறும்போதே பம்பை வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "உன்கிட்ட இருந்தா சும்மா இருக்க மாட்டே" என்றேன்.

பாராடாங்கில் பஸ்ஸை ஏற்றிக் கடக்கும் ஃபெர்ரிக்கு நீண்ட வரிசை. அக்கரைக்குப் போய்ச் சேருவதற்குள், காட்டு ரோட்டில் போலீஸ் காவலோடு வண்டிகளை மொத்தமாக அனுப்பும் கான்வாய் கிளம்பிவிட்டது. அடுத்த கான்வாய் மதியம்தான். அதற்குள்ளேயே அவளுக்கு லேசாக விசில் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. கேட்டது, கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜாரவா பழங்குடிகளின் காடு அது. கேட் திறந்து வண்டிகள் வரிசையாக உள்ளே நுழைந்தால் அந்தப் பக்கத்து கேட் வரைக்கும் நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது, ஜன்னலைத் திறக்கக் கூடாது. எனக்கு ரொம்பப் பிடித்த ரோடு. அன்றைக்கு மட்டும் பஸ் முழுக்க டீசல் நாற்றமும் வியர்வையுமாகப் புழுங்கியது.

"ஏங்க, பம்பக் குடுங்க."

"இன்னும் கொஞ்ச நேரந்தான். இப்ப அடிச்சா டெஸ்ட் கெட்டுப்போகும். மறுபடி மூணு மாசம், மறுபடி இதே ரோடு. பொறுத்துக்க."

இரண்டாவது தடவை "குடுங்க" மட்டும் வந்தது. மூன்றாவது தடவை வார்த்தையே வரவில்லை. கை என் சட்டைப் பையை நோக்கி வந்தது. நான் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். பாவி, பொத்திக்கொண்டேன்.

முன்சீட்டு வங்காளி அம்மாள் திரும்பினாள். "அரே தாதா, தே தோ நா! மர் ஜாயேகி!" கொடுத்துவிடு, இல்லாவிட்டால் செத்துப்போவாளாம். ஆஸ்பத்திரி சட்டம் என்று இந்தியில் விளக்கினேன். "பாட் மே கயா தும்ஹாரா கானூன்!" என்றாள். உன் சட்டம் நாசமாய்ப் போக என்று அர்த்தம். பஸ்ஸே என்னைப் பார்த்தது.

என் மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்துக் குழி உள்வாங்கி உள்வாங்கிப் போயிற்று. உதடு நிறம் மாறியிருந்தது. நிறுத்தச் சொல்ல முடியாது, இறங்க முடியாது, ஓட இடமில்லை. அப்போதுதான் பம்பை எடுத்தேன், மூடி எந்தப் பக்கம் என்று தேடினேன். அந்த அம்மாள் பிடுங்கிக் கழற்றி என் மனைவியின் வாயில் வைத்து அடித்தாள். இரண்டு தடவை, பிறகு இன்னும் இரண்டு தடவை. காடு முடியும்போதுதான் என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊத வைக்கும் பெண் தமிழ் பேசினாள். கடைசியாக எப்போது பம்ப் அடித்தது என்று கேட்டாள். திருடன் மாதிரி ஒப்புக்கொண்டேன்.

"அடிச்சது நல்லதாப் போச்சு சார். மூச்சு முட்டினா அடிக்கணும், எங்ககிட்ட சொன்னாப் போதும், வேற நேரம் தருவோம். தாள்லயே போட்டிருக்கே."

"எங்க போட்டிருக்கு?"

அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் முழுக்க எழுத்து. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

போர்ட் பிளேரிலேயே ஷாதிபூரில் கொழுந்தியாள் வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் போனோம். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று அந்தப் பெண் விரட்டினாள். மருந்து கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடியும் ஊத வைத்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு கோடுகளைக் காட்டினார். மருந்துக்குப் பிறகு கோடு நன்றாக ஏறியிருந்தது, ஆனால் இருக்க வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

"சுருக்கமாச் சொன்னா, ஏறினது ஆஸ்துமா. ஏறாம நிக்கிறது சி.ஓ.பி.டி., புகை பண்ணின நிரந்தர மூச்சுக்குழாய் அடைப்பு. ரெண்டும் சேர்ந்திருக்கு. இவங்களுக்குக் காத்து உள்ள போயிடுது. வெளிய வர வழியில்லாம அங்கயே மாட்டிக்குது." புது மருந்து எழுதினார். கொட்டகைப் பக்கமே இவள் போகக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் கையை நீட்டினாள். "குடுங்க." என் சட்டைப் பைக்கே திரும்பியிருந்த பம்பைக் கொடுத்தேன்.

அதே காடு, அதே மூடிய ஜன்னல். புது மருந்தில் மூச்சு சீராக இருந்தது, விசில் இல்லை. ஆனால் கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அவள் பம்பை வலது கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் வெளுத்துப்போயிருந்தது.

"இப்பத்தான் நல்லா இருக்கியேம்மா. பையில வையேன்" என்றேன்.

"இது இழுப்புக்கு இல்லங்க" என்றாள். "நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்கல்ல, அதுக்கு."