சின்னம்மாவின் ஒற்றை ஸ்கீ

எங்கள் சின்னம்மாவுக்கு வலது கால் இல்லை. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மாவின் ஒரே தங்கையான அவர் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வந்து, அங்கிருந்து கனடாவுக்கு, ஸ்காபரோவில் எங்களிடம் வந்து சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அம்மா காரின் முன் இருக்கையிலிருந்து திரும்பி, சின்னம்மாவிடம் காலைப் பற்றி ஒன்றும் கேட்கக் கூடாது என்றார். அதுவரை எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அதன் பிறகு கேள்விகளைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

சின்னம்மாவும் நானும் ஒரே அறையில் படுத்தோம். விளக்கை அணைத்த பிறகுதான் அவர் செயற்கைக் காலைக் கழற்றுவார். காலையில் நான் கண் விழிக்கும்போது நீளப் பாவாடைக்குக் கீழே இரண்டு காலுறைகளும் ஒன்றுபோல இருக்கும். கதிரையில் உட்காரும்போது மட்டும் முழங்காலிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் அப்பா உடனே தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார். அது அப்பாவின் மரியாதை.

எனக்குப் பத்து வயதான குளிர்காலத்தில், விரும்பிய பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில், பனிச்சரிவில் நீளப் பலகைகளில் சறுக்கும் ஸ்கீ பழக அழைத்துப் போகப்போவதாகப் பள்ளிக்கூடத்தில் அறிவித்தார்கள். எனக்கு ஒரே அகலப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்ட்தான் ஆசை; ஆனால் முதல் வருடம் ஸ்கீதான் பழக வேண்டும் என்றார் ரீச்சர். என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத் தாள்களை வாசிப்பது சின்னம்மாவின் வேலை. ஊரில் கணிதம் படித்தவர் அவர். எதையும் வரி விடாமல் வாசிப்பார்.

ஒரு சோடிக் காலுறைதான் போட வேண்டும், இரண்டு போட்டால் கால் இறுகிக் கூடுதலாகக் குளிரும் என்று அந்தத் தாளில் இருந்தது. கழுத்தில் சால்வை கூடாது, மேலே இழுத்துப்போகும் கயிற்றில் சிக்கிவிடும். பிள்ளையின் உயரமும் நிறையும் வேண்டும். அதை வைத்துத்தான் சப்பாத்தையும் ஸ்கீயையும் பிணைக்கும் பூட்டை இறுக்குவார்கள். விழுந்தால் அந்தப் பூட்டு தானாகவே கழன்றுவிடும், கால் முறியாது. இந்த இடத்தைச் சின்னம்மா இரண்டு தரம் வாசித்தார். விழுவோம் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தாளின் அடியில், கை கால் இயலாதவர்களுக்கும் பிள்ளைகள் பழகும் அதே மலையில் தனிப் பயிற்சி உண்டு, பெரியவர்களும் சேரலாம் என்று எழுதி ஒரு தொலைபேசி எண்ணும் போட்டிருந்தார்கள். அதை அவர் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. தாளை மடித்துத் தன் கோட் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் பின்னேரம் அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து வருமுன் சின்னம்மா குசினிச் சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்தார். நான் மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். என்னை எழும்பிப் போகச் சொல்லுவார் என்று பார்த்தேன், சொல்லவில்லை. மறுமுனையில் யாரோ ஒரு பெண். அவருடைய கேள்விகள் எனக்குக் கேட்கவில்லை. சின்னம்மாவின் பதில்களிலிருந்து கேள்விகளை நானே கண்டுபிடித்தேன்.

வலது கால். முழங்காலுக்கு மேலே. இல்லை, நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, குண்டு. ஐந்து வருடத்துக்குக் கிட்ட. ஓம், அதற்கு முதல் சைக்கிள் ஓடினேன், ஒவ்வொரு நாளும். அன்றைக்கும் சைக்கிளில்தான் வந்துகொண்டிருந்தேன்.

இரண்டு வருடமாக நான் காத்திருந்த விடைகள் எல்லாம் ஒரு தொலைபேசிப் பேச்சில், ஆங்கிலத்தில், முன்பின் தெரியாத ஒருவருக்குக் கிடைத்துவிட்டன. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கடைசியில் அந்தப் பெண், எதற்காவது பயப்படுவீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். சின்னம்மா, படிக்கட்டு என்றார்.

அதன் பிறகு எங்கள் குசினி பயிற்சிக்கூடமாக மாறியது. சின்னம்மா செயற்கைக் காலைக் கழற்றிவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்தபடி இடது காலில் நிற்பார். பிறகு ஒரு கையை விடுவார். பிறகு மற்றக் கையையும். நானும் பக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்பேன். ஒவ்வொரு முறையும் நான்தான் முதலில் விழுந்தேன். அந்தக் காலைப் பட்டப்பகலில் நான் கிட்டப் பார்த்தது அப்போதுதான். குசினிக் கதிரையில் காலுறையோடு சாய்ந்து நின்றது. பார்க்கப் பார்க்க அது ஒரு சாதாரணப் பொருளாகிவிட்டது. அதன் முழங்காலை மடக்கி அந்த ‘டிக்’ சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக்கூடச் சின்னம்மா என்னை விட்டார்.

ஒரே ஒரு விடயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வேகத்தைக் குறைக்க இரண்டு ஸ்கீயின் முன்பக்கங்களையும் பீட்ஸாத் துண்டுபோலச் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று ரீச்சர் வகுப்பில் காட்டித் தந்திருந்தார். ஒற்றை ஸ்கீயில் எப்படி பீட்ஸா பிடிப்பது?

"எப்பிடி நிப்பாட்டுவீங்கள் சின்னம்மா?"

"தெரியாது பிள்ளை. அதைப் பழகத்தானே போறன்."

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாமல் நடந்தது. தெரியவந்தது காற்சட்டையால். பழைய உடுப்புக் கடையில் நீர் புகாத தடித்த காற்சட்டை ஒன்றைச் சின்னம்மா வாங்கியிருந்தார். வெறுமையாகத் தொங்கும் வலது பக்கத்தை மடித்து ஊசி குத்தினால் போதும் என்று நினைத்திருந்தார். ஆனால் பயிற்சி தரும் பெண் தொலைபேசியில், ஊசி கூடாது, விழும்போது குத்தும், தைத்துத்தான் மூட வேண்டும் என்று சொல்லிவிட்டார். செயற்கைக் கால் இல்லாமல்தான் ஸ்கீ செய்ய வேண்டும், மிஞ்சியிருக்கும் தொடை சீக்கிரம் குளிர்ந்து விறைத்துவிடும், அதற்கும் கனமாக ஏதாவது வேண்டும் என்றும் சொன்னார். அவ்வளவு தடித்த துணியைத் தைக்கக்கூடிய மெஷின் எங்கள் வீட்டில் அம்மாவுடையதுதான். அது அம்மாவின் கையைத் தவிர வேறு யாருடைய கைக்கும் பணிந்ததில்லை.

சின்னம்மா காற்சட்டையை நீட்டி விடயத்தைச் சொன்னபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மாவின் பயம் வேறு. எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருந்த அன்ரி ஒருவர் சின்னம்மாவுக்கு மிசிசாகாவில் ஒரு மாப்பிள்ளையைப் பேசிக்கொண்டிருந்தார். அந்த அன்ரியிடம் அம்மா, தங்கைக்கு நடையில் ஒரு சின்னச் சுணக்கம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்களாம், சின்னச் சுணக்கத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லையாம்.

"உனக்கு விசரே? காலைக் கழட்டி வைச்சிட்டு மலையில நிக்கப் போறியோ? ஆரும் எங்கட சனம் கண்டால்?"

"கண்டால் காணட்டும் அக்கா. நீ தைச்சுத் தராட்டி நான் கையால தைப்பன்."

மறுநாள் பின்னேரம் அம்மா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். என்னை வெளியே போகச் சொன்னார். நான் வாசல் வரைக்கும்தான் போனேன். சின்னம்மா கட்டிலில் உட்கார்ந்து பாவாடையை மேலே இழுத்தார். அம்மா தரையில் முழந்தாளிட்டு நாடாவைத் தொடையில் சுற்றி, இலக்கத்தைப் பார்த்தார். சொல்லவில்லை. நாடாவை எடுத்துவிட்டு மறுபடியும் சுற்றினார். அப்போதும் சொல்லவில்லை.

"இப்பதான் முதல் தரம் பாக்கிறாய், என்ன அக்கா," என்றார் சின்னம்மா.

குண்டு விழுந்தபோது அம்மா இங்கே, கனடாவில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அதற்கும் அளவெடுப்பதற்கும் என்ன தொடர்பு என்று தெரியவில்லை. பொழுதுபட்டுக்கொண்டிருந்ததால் அம்மாவுக்கு இலக்கம் தெரியவில்லையாக்கும் என்று நினைத்து, உள்ளே போய் விளக்கைப் போட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஏசவில்லை.

அம்மா பழைய கம்பளிப் போர்வை ஒன்றை வெட்டி, உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்து, தொடைக்கு ஒரு தொப்பி மாதிரித் தைத்தார். காற்சட்டையின் வலது பக்கத்தைக் கத்தரித்து, விளிம்பு தெரியாமல் மூடினார். கல்யாணச் சட்டைக்குக்கூட அம்மா அவ்வளவு கவனமாகத் தைத்து நான் பார்த்ததில்லை. பிறகு, பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று காரணம் சொல்லி, சனிக்கிழமை வேலைக்கு லீவு எடுத்துத் தானும் வருவதாக அறிவித்தார். எந்தப் பிள்ளையை என்று சொல்லவில்லை.

பள்ளிக்கூட மஞ்சள் பஸ் எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு மார்க்கம் நகரைத் தாண்டி வடக்கே நீண்ட நேரம் ஓடியது. மலை என்று சொன்னது பார்த்தால் ஒரு பெரிய மேடுதான். ஆனால் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு அது மலையாகத்தான் தெரிந்தது. எங்கள் வகுப்பை ஒரு பக்கம் கூட்டிப் போனார்கள். மறுபக்கத்தில், செம்மஞ்சள் கோட் போட்ட ஒரு பெண் சின்னம்மாவைக் கண்டதும் தூரத்திலேயே கையை உயர்த்தினார். தொலைபேசியில் பேசியவர் அவர்தான்.

அதன் பிறகு எனக்கு என் ரீச்சர் சொன்ன எதுவும் ஏறவில்லை. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். கண் தெரியாத ஒரு பையன், பின்னால் வரும் ஒருவர் இடது, வலது என்று கூவக் கூவ, சறுக்கிக்கொண்டு வந்தான். ஒருவர் கீழே ஒற்றைப் பலகை பூட்டிய கதிரையில் உட்கார்ந்தபடி போனார். சின்னம்மாவுக்கு ஒரு ஸ்கீயும், முழங்கை வரை பிடிக்கும் இரண்டு ஊன்றுகோல்களும் கொடுத்தார்கள். ஊன்றுகோல் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டி ஸ்கீ இருந்தது. முதலில் அவர்கள் பழக்கியது விழுவதற்கு. சின்னம்மா பக்கவாட்டில் விழுந்தார், எழும்பினார், மறுபடி விழுந்தார். ஒவ்வொரு முறையும் பனியைத் தட்டிவிட்டு, அடுத்தது என்ன என்பதுபோல அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

கழற்றிய காலைப் பூட்டி வைக்க உள்ளே ஒரு அலுமாரி இருக்கிறது என்று சொன்னார்களாம். அம்மா சம்மதிக்கவில்லை. தொலைந்தால் எங்கே போவது என்று அதை எடுத்துத் தன் சால்வையால் சுற்றி, குழந்தையைப்போல அணைத்துக்கொண்டு மேட்டின் அடியில் நின்றார். சால்வைக்கு வெளியே சப்பாத்து தெரிந்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்த்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது.

மத்தியானத்துக்குப் பிறகு சின்னம்மாவைக் கயிற்றால் பாதி மேடு வரை இழுத்துப் போனார்கள். செம்மஞ்சள் கோட்டுக்காரி முன்னால், அவரைப் பார்த்தபடி பின்பக்கமாகச் சறுக்கிவர, சின்னம்மா இறங்கத் தொடங்கினார். முதலில் மெதுவாக. பிறகு அவ்வளவு மெதுவாக இல்லை. எங்கள் வீட்டுக்குள் சுவரோரமாக நடக்கும் சின்னம்மா, அகலமான வெள்ளைச் சரிவின் நடுவில், யாரையும் பிடிக்காமல் வந்துகொண்டிருந்தார். நிறுத்தும் இடம் நெருங்கியது. அவர் ஊன்றுகோல்களை அழுத்தி, இடுப்பைத் திருப்பி, ஸ்கீயைக் குறுக்கே போட்டார். பனி விசிறியடித்தது. நின்றுவிட்டார். பீட்ஸா இல்லாமலே நிற்கலாம்.

அம்மா கை காட்டினார். எந்தக் கையால் என்று யோசிக்கவில்லை போலும். சால்வை கீழே விழ, அந்தக் காலையே தூக்கித் தலைக்கு மேலே ஆட்டினார். சின்னம்மா அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, நின்ற இடத்திலேயே விழுந்தார். விழுந்தவர் உடனே எழும்பவில்லை. வானத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். அடிபட்டுவிட்டதோ என்று நான் ஓடப் பார்த்தேன். ஸ்கீயைக் கழற்றாமல் ஓடியதில் நானும் குப்புற விழுந்தேன். பூட்டு தானாகக் கழன்றது.

வீடு திரும்பியபோது நன்றாக இருட்டியிருந்தது. அம்மா தேத்தண்ணி போட்டார். சின்னம்மா கூடத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தார். காலைப் போடவில்லை, அது வாசலருகே ஈரக் கோட்டுகளோடு சுவரில் சாய்ந்து நின்றது. அப்பா வேலையால் வந்து, அதைப் பார்த்து, சின்னம்மாவைப் பார்த்து, பழக்கத்தில் தொலைக்காட்சியின் பக்கம் கையைக் கொண்டுபோனார். பிறகு கையை எடுத்துவிட்டு, மேடு எவ்வளவு உயரம் என்று கேட்டார். சின்னம்மா சொல்லத் தொடங்கினார்.

அப்போது கதவு தட்டப்பட்டது. இரும்பால் அடிப்பது போன்ற தட்டல். மேல்மாடி அன்ரிதான் அப்படித் தட்டுவார். மிசிசாகாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரின் பதில் வந்திருக்க வேண்டும். வழக்கமாக இந்தத் தட்டல் கேட்டதும் சின்னம்மா அறைக்குள் போய், பாவாடையைச் சரிசெய்து, நடந்து வருவார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

"நீ இரு அக்கா. நான் திறக்கிறன்."

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு இருந்துவிட்டார். சின்னம்மா வீட்டு ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு எழும்பி, ஒரு காலோடு வாசலுக்குப் போனார். அவ்வளவு களைப்பிலும் வந்தவருக்குத் தானே கதவு திறக்கப் போகிறாரே என்று எனக்குச் சின்னம்மாவில் பெருமையாக இருந்தது.

கதவு திறந்தது. அன்ரி சிரித்த முகத்தோடு ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, கீழே பார்த்துக்கொண்டு நின்றார். சப்பாத்தைக் கழற்ற இடம் தேடுகிறார் என்று நினைத்து நான் ஓடிப்போய், எங்கள் பனிச் சப்பாத்துகளை ஒரு பக்கம் தள்ளி அவருக்கு இடம் செய்து கொடுத்தேன்.