பிரிசில்லா வீட்டுப் பதினான்கு படங்கள்

பிரிசில்லா புதுப்பட்டினத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. அவர் வீட்டில் பதினான்கு படங்கள் இருந்தன. எல்லாமே மாமல்லபுரத்துத் துர்காதேவி செய்தவை.

இருவரையும் பழக வைத்தது ஒரு கை முறிவு. பதினோரு வருடங்களுக்கு முன்பு துர்காதேவி குளியலறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு வீங்கிப்போய் கிளினிக்குக்கு வந்தார். எக்ஸ்ரேயை வாங்கியவர் எலும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இந்தச் சாம்பல் கலரு எவ்ளோ நல்லாகீது" என்றார். போகும்போது தன் கண்காட்சிக்கு வரச் சொன்னார்.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. கிழிந்த வலை, காலண்டர் தாள், டின் தகடு, பஸ் டிக்கெட் எல்லாம் ஒட்டி, மேலே வண்ணம் தீட்டியிருந்தார் துர்காதேவி. பிரிசில்லாவோடு வந்திருந்த கணவர் ஸ்டான்லி ஒரு நீலப் படத்தின் முன் நின்றுவிட்டார்.

"இன்னா பிரிசி இது? படகா, பொம்பளையா?"

"ரெண்டு மாதிரியும் கீது. அதான் எனக்குப் புடிச்சிருக்கு."

பாதி தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் நிழல்களைப் பார்ப்பதுதான் பிரிசில்லாவின் வேலை. அங்கே அது என்ன என்று கட்டாயம் சொல்லியாக வேண்டும். இங்கே சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படத்தை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு. சர்ச் முடிந்து மாமல்லபுரம் பஸ் ஏறி, துர்காதேவியின் வேலைக்கூடத்தில் ஒரு மணி நேரம் சும்மா நின்று பார்ப்பார். ஒருமுறை தாமரைக் குளம் போன்ற படம் ஒன்றைத் துர்காதேவி இலவசமாகவே கொடுத்தார். பிரிசில்லா வாங்கவில்லை.

"அழகா கீதுக்கா. ஒருவாட்டி பாத்தா முடிஞ்சிடும்."

சொந்தக்காரர்கள் குப்பையை மாட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பிரிசில்லா படங்களை உப்புக்காற்று படாத சுவராகப் பார்த்து மாட்டினார், மாதம் ஒருமுறை உலர்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டினார். அவ்வளவுதான்.

போன வருடம் சென்னையில் துர்காதேவியின் மொத்த வேலைகளையும் சேர்த்துக் கண்காட்சி வைக்க ஒருவர் முன்வந்தார். ஆனால் துர்காதேவியிடம் இருந்த பழைய படங்கள் பெரும்பாலும் ஒரு புயல் மழையில், கூடத்துக்குள் தண்ணீர் புகுந்தபோதே ஊறிப் பாழாகிப் போயிருந்தன. மிஞ்சியவை பிரிசில்லா வீட்டில் இருந்தவைதான். துர்காதேவி பார்க்க வந்தார். நீலப் படத்தில் டின் தகட்டின் துரு தாளில் இறங்கி, கை அகலத்துக்குப் பழுப்பாகப் பரவியிருந்தது.

"இத குடு. அந்த எடத்த எடுத்துட்டு, புதுசா ஒட்டித் தரேன்."

"வேணாம்க்கா. அப்படியே இருக்கட்டும்."

"நான் பண்ண படம் பிரிசில்லா."

"நீ முடிச்சிதான் என் கைல குடுத்த. அப்புறம் பத்து வருசம் இது என் வூட்ல இருந்திருக்கு. துரு இங்கதான் வந்துது. தெனமும் பாத்துகினுதான் இருந்தேன்."

துர்காதேவி காபியைக் குடிக்காமல் கிளம்பிப் போனார். மூன்று வாரம் போன் இல்லை. பிரிசில்லாவும் பேசவில்லை. கடைசியில் துர்காதேவியே கூப்பிட்டார்.

"அப்படியே அனுப்பு. நான் கை வெக்கல."

கண்காட்சியில் ஒருவர் அந்தப் பழுப்பைக் காட்டி, துருவை இவ்வளவு துணிச்சலாக யாரும் பயன்படுத்தியதில்லை என்று துர்காதேவியைப் பாராட்டினார். துர்காதேவி, சற்றுத் தள்ளி நின்ற பிரிசில்லாவைப் பார்த்தார்.

"அது நான் பண்ணதில்லீங்க" என்றார். "அவங்க வூட்டுச் சுவத்துல தானா வந்துது. எடுக்கக் கூடாதுன்னு சொன்னதும் அவங்கதான்."

பிரிசில்லா தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போய் நின்றார்.

ஒரு மாதம் கழித்துப் படங்கள் திரும்பி வந்தன. எது எங்கே இருந்தது என்று கேட்காமலே ஸ்டான்லி அதனதன் இடத்தில் மாட்டி முடித்தார்.

இந்த வருடம் பிரிசில்லா பதினைந்தாவது படம் வாங்கினார். நாவலூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஜெகதீசன் என்பவர் கூரியர் அட்டைகளைக் கிழித்து ஒட்டிச் செய்தது. துர்காதேவி வந்தபோது அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். ஓரத்தில் பசை சரியாக ஒட்டவில்லை என்று மட்டும் சொன்னார்.