வெள்ளிக்கிழமை போனும் தோளில் ஏறும் நாயும்

மஸ்கட்டிலிருந்து தாயோடு பேசக் கூப்பிட்ட பக்கத்து வீட்டு மகனிடம், "அம்மா ஊரில் இல்லை" என்று நான் பொய் சொன்னேன். ஒருமுறை அல்ல, இரண்டு வெள்ளிக்கிழமை. அந்த அம்மா அப்போது எங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம், தம் வீட்டில், வீங்கிய காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். காலை வீங்க வைத்தது என் நாய். நாயை அப்படிப் பழக்கியவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூர்க் குளத்துக்குச் சற்றுத் தள்ளி, புதிதாகப் பிரித்த மனைகளில் ஒன்றில் வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றிருந்தேன். எங்கள் வீதியில் எங்கள் வீட்டில் மட்டும்தான் தொலைபேசி. யாருக்கு அழைப்பு வந்தாலும் மதிலருகே நின்று குரல் கொடுப்பேன். அவர்கள் ஓடி வருவார்கள். பக்கத்து வீட்டு அம்மா கணவரை இழந்தவர். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார். எங்களோடு கோயமுத்தூர்த் தமிழ். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்பேன். அவருக்கு நான் சார். ஒரே மகன் மஸ்கட்டில் வேலையில் இருந்தார். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று காலை எங்கள் போன் அடித்தால் அது பெரும்பாலும் அவர்தான். "அம்மாவக் கூப்புடுங்க மாமா, பத்து நிமிசத்துல மறுபடி அடிக்கறனுங்க" என்று வைத்துவிடுவார். அந்தப் பத்து நிமிடத்தில் அக்கா வந்து சேர வேண்டும்.

நாய் ஒரு கிரேட் டேன். ஒரு மில் முதலாளியின் பங்களாவில் பிறந்த குட்டி. பத்தாவது மாதத்தில் அவன் கன்றுக்குட்டி உயரம் இருந்தான். புத்தி மட்டும் இரண்டு மாதக் குட்டிக்கு உள்ளதுதான். குட்டியாக வந்த நாளிலிருந்தே நான் நெஞ்சில் இரண்டு கையாலும் தட்டுவேன், அவன் தாவி என் மேல் ஏறுவான். பிஸ்கட் கொடுப்பேன். முழங்காலைப் பிறாண்டினால் இன்னொன்று. "கை குடுக்கறான் பாருங்க" என்று வந்தவர்களுக்குக் காட்டுவேன். அவன் வளர்ந்த பிறகு இரண்டு முன்னங்கால்களையும் என் தோளில் வைத்து நிற்க, அதைப் படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

எங்கள் ஊரில் ஒறம்பரை, அதாவது விருந்தாளியாக, வருகிறவர்கள் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில்தான் வருவார்கள். எங்கள் வாசலோ செம்மண். திரும்பிப் போகும்போது ஒவ்வொருவர் நெஞ்சிலும் தட்டு அகலத்துக்கு இரண்டு செம்மண் பாதம் இருக்கும். யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? "பரவால்லீங்க, நெம்பப் பாசங்க" என்றார்கள். "சின்னப் பையன் தானுங்களே" என்றார்கள். அதோடு நிற்காமல் அவன் தலையைத் தடவியும் கொடுத்தார்கள். அத்தனை பேரும் என் நாயை ரசிக்கிறார்கள் என்று நான் உண்மையாகவே நம்பினேன். ஐம்பத்தெட்டு வருடம் கொங்கு நாட்டில் வாழ்ந்தவனுக்கு, "பரவால்லீங்க" என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கட்டிப்போட்டால் என்ன என்று கேட்பீர்கள். கட்டினால் வீதியே கேட்க ஊளையிடுவான். அவிழ்த்தால் முன்பைவிட அதிகமாகப் பாய்வான். இது நான் எல்லோரிடமும் சொன்ன காரணம். அவன் பாய்வது எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. ஓய்வு பெற்ற மனிதனை அவ்வளவு ஆசையாக வேறு யார் வரவேற்கப் போகிறார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை போன் அடித்ததும் மதிலருகே போய், "ஏனுங்க அக்கா, மஸ்கட்டு!" என்றேன். "வாரனுங்க, வாரனுங்க!" என்று அக்கா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். இரும்புக் கேட்டைத் தள்ளி உள்ளே கால் வைத்தவுடன் அவன் பறந்து போய்த் தோளில் ஏறினான். அவர் பின்பக்கமாகக் கேட் வாசற்படியில் விழுந்தார். விழுந்தவரின் முகத்தை அவன் நக்கினான். உள்ளே போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது.

"மொதல்ல போனைப் பாருங்க சார், ரிங்கு நின்னுரும்" என்றார் அக்கா, படியில் கிடந்தபடியே.

நானும் என் மனைவியும் தாங்கிப்பிடித்துக் கொண்டுபோய் உட்காரவைத்தோம். காலை நீட்டி வைத்துக்கொண்டு, மகனிடம் சிரித்துச் சிரித்துப் பேசினார், விழுந்ததைச் சொல்லவில்லை. அதற்குள் வீதியில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் சொன்னேன்: "நீங்க ஓடி வந்திருக்கக் கூடாதுங்க அக்கா. ஓடுனா எந்த நாயும் பாயத்தான் செய்யும்."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "ஆமாங்க சார், தப்பு என்ற மேலதானுங்க" என்றார்.

எலும்பு முறியவில்லை, சுளுக்கு. எண்ணெய்க் கட்டுப் போட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை என் மனைவி கோயிலுக்குப் போயிருந்த நேரம், போன் அடித்தது. கூப்பிட்டால் அக்கா நொண்டிக்கொண்டு வருவார், வீதி பார்க்கும். "அம்மா அந்தியூர்ல உங்க சித்தி ஊட்டுக்குப் போயிருக்காங்க தம்பி" என்று என் வாய் சொல்லிவிட்டது. "அப்படீங்களா, போகட்டுங்க, நாலு நாள் நிம்மதியா இருக்கட்டும்" என்று அவர் மகிழ்ச்சியாக வைத்தார். அதற்கடுத்த வாரம் பொய் இன்னும் எளிதாக வந்தது.

மூன்றாவது வாரத்தின் நடுவில் அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வான்தபாலோடு நின்றார்.

"ஏனுங்க சார், ஒரு சந்தேகமுங்க. பையன் எழுதியிருக்கறான், அந்தியூருல காத்தாட இருங்கம்மான்னு. நான் எப்பங்க அந்தியூருக்குப் போனேன்?"

நான் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

"ரெண்டு வெள்ளிக்கிழமையும் உங்க ஊட்டுல போன் அடிச்சது கேட்டுதுங்க. நீங்க கூப்புடலையா, செரி, நமக்கு இல்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டனுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அங்கேயே, மதில்மேல் கையை வைத்துக்கொண்டு, செய்ததை எல்லாம் சொன்னேன். தப்பு அவருடையது அல்ல, என்னுடையது என்றும் சொன்னேன். "செரிங்க சார்" என்று அவர் தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த வெள்ளிக்கிழமை நாயைப் பின்னறையில் அடைத்தேன். அக்கா கைத்தடியோடு கேட்டருகே வந்து குரல் கொடுத்தார். அவருடைய குரலைக் கேட்ட சந்தோஷத்தில் அவன் கொசுவலைக் கதவைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தான். அக்கா திரும்பிப் போய்விட்டார். "அவன் இருக்கற வாசலை இனி நான் மிதிக்கலீங்க" என்றார்.

மகனிடம் அன்றே உண்மையைச் சொல்லிவிட்டேன்.  "அம்மா நடக்கறாங்களா மாமா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்தது நாடகம். போன் ஜன்னலோரம், அக்கா மதிலுக்கு அப்பால், நடுவில் நான்.

"சாப்பாடெல்லாம் ஒழுங்கா இருக்குதான்னு கேளுங்க சார்!"

"இருக்குதுங்களாமா!"

"கண்ணாலத்துக்கு அந்தப் பொண்ணோட போட்டோ அனுப்புனனே, புடிச்சுதான்னு..." என்று தொடங்கியவர், வீதியில் இரண்டு பேர் நின்று கேட்பதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லீங்க, வெச்சுருங்க" என்றார்.

மகனோடு மனம்விட்டுப் பேச அவருக்கு இருந்தது வாரத்தில் அந்தப் பத்து நிமிடம்தான். அதையும் நான் கெடுத்திருந்தேன்.

ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பாயும்போது நெஞ்சில் முழங்காலால் இடி என்றார் ஒருவர். பின்னங்கால் விரலை மிதி என்றார் இன்னொருவர். கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் மேலும் நாய் ஏறியது. அவர் ஒன்றும் பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு முதுகைத் திருப்பிச் சுவரைப் பார்த்து நின்றார். ஏறி ஏறிப் பார்த்தவன் குழம்பிப்போய் இறங்கினான். நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியில் அவர் திரும்பி, குனிந்து, தாழ்ந்த குரலில் "நல்ல பையன்" என்றார்.

"இவனுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ட்ரெயினிங் உங்களுக்குத்தான் வேணும்" என்றார் என்னிடம். "இடிக்காதீங்க, கத்தாதீங்க. அடிச்சாலும் அவனுக்கு அது வெளையாட்டு. ஏறுனா நீங்க அவனுக்கு இல்ல; எறங்குனா இருக்கறீங்க. ஊட்டுக்கு வர்றவங்க அத்தனை பேரும் இப்படித்தான் செய்யணும். மொதல்ல கொஞ்சநாள் இன்னும் எச்சாத்தான் பாய்வான், விட்டுராதீங்க."

சொல்வது எளிது. வந்தவரைப் பார்த்து "வாங்க" என்று கேட்காதவன் எங்கள் பக்கத்தில் மனிதனே இல்லை. வருகிறவருக்கும் அப்படித்தான், வாசலில் நுழையும்போதே பேசிக்கொண்டுதான் நுழைவார். முதலில் மாட்டியவர் என்னோடு வேலை பார்த்த பழைய ஆசிரியர். கையைக் கட்டிச் சுவரைப் பார்த்து ஒழுங்காக நின்றார். ஆனால் வாய் மட்டும், "வந்துட்டனுங்க கண்ணு, நல்லா இருக்கறீங்களா கண்ணு" என்று நாயை விசாரித்துக்கொண்டே இருந்தது. அவர் சட்டையின் முதுகு கிழிந்தது. பிறகு என் மனைவியின் ஒறம்பரை கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார்கள். தாம்பாளத்தோடு நின்றவர்களை நாங்கள் வாங்க என்று கேட்கவில்லை; முதுகைத் திருப்பச் சொன்னோம். "பத்திரிகை குடுக்கப் போனா செவுத்தைப் பாத்து நிக்கச் சொல்றாரு வாத்தியாரு. படிச்சுப் படிச்சு இப்படி ஆயிட்டாரு" என்று பேச்சு கிளம்பி, அது எங்கள் சொந்தம் முழுக்கச் சுற்றி எங்களிடமே வந்து சேர்ந்தது.

வீட்டிலும் தவறியவன் நான்தான். ஒருநாள் அவன் முழங்காலைப் பிறாண்ட, பழக்கதோஷத்தில் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தேன். என் மனைவி பார்த்துவிட்டார். "ஏனுங்க, படியில உழுந்தது அக்கா. நீங்க இங்க பிஸ்கட்டுக் குடுத்துட்டு இருக்கறீங்க" என்றார். பிஸ்கட் டப்பா அன்று முதல் அவர் வசம் போயிற்று. கூடத்தில் இருந்த படத்தையும் நானே கழற்றினேன்.

ஒரு மாதத்தில் எங்கள் இருவர் மேலும் ஏறுவதை விட்டான். ஆனால் அக்கா வர வேண்டுமே. அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"முதுகைக் காட்டிட்டு நின்னா அவன் பின்னால என்ன பண்றான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? மறுபடி உழுகறதுக்கா?" என்றார். நியாயமான கேள்வி. மருத்துவரிடம் கேட்டேன். "அப்படின்னா கேட்டை அந்தம்மா கையில குடுங்க" என்றார்.

அதன்படி மறுநாள் சாயங்காலம் அக்கா கேட்டுக்கு வெளியே நின்றார். நான் உள்ளே நாயைக் கயிற்றில் பிடித்திருந்தேன். அவன் உட்கார்ந்தால் அவர் கேட்டை ஒரு சாண் திறப்பார். எழுந்தால் சாத்திவிடுவார். இவ்வளவுதான் பாடம். முதல் நாள் அரைமணி நேரத்தில் ஒரு சாணைத் தாண்டவில்லை. வீதியில் போனவர், "ஏனுங்க அம்மணி, கேட்டு ரிப்பேருங்களா?" என்று நின்று கேட்டார்.

"கேட்டு நல்லாத்தான் இருக்குதுங்க. உள்ள இருக்கறவங்களத்தான் ரிப்பேர் பண்ணிட்டு இருக்கறேன்" என்றார் அக்கா.

நாள் போகப்போக அவருக்கு அதில் ருசி வந்துவிட்டது. நான் அரைகுறையாக விட்டுக்கொடுப்பேன். அவர் விடவே மாட்டார். நாயின் பின்புறம் தரையிலிருந்து இரண்டு விரல் உயர்ந்தாலும் தாழ்ப்பாள் விழும். "இன்னும் குண்டி தரையில படலீங்க சார்" என்பார். ஒழுங்காக உட்கார்ந்தால் இட்லித் துண்டு ஒன்றைத் தரையில் வைப்பார், கையில் கொடுக்கமாட்டார். அவனிடம் தெலுங்கில் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. சில நேரம் அது என்னைப் பற்றியது என்று தோன்றும். மூன்று வாரத்தில் கேட் முழுக்கத் திறந்தது. பிறகு கயிறு இல்லாமல் திறந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை போன் அடித்தது. மதிலருகே போய்க் கூப்பிட்டேன். அக்கா ஓடவில்லை, நடந்து வந்தார். கேட் திறந்தது. அவன் உட்கார்ந்தான். உடம்பெல்லாம் நடுங்கியது, தொண்டையிலிருந்து குழந்தை சிணுங்குவதுபோல் ஒரு சத்தம், வால் மட்டும் செம்மண்ணை வாரி இறைத்தது. எழவில்லை. அக்கா அவனைத் தாண்டி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ரிசீவரை எடுத்து, "சொல்லு கண்ணு" என்றார். நானும் என் மனைவியும் சமையலறைக்குப் போய்விட்டோம். எவ்வளவு நேரம் பேசினார் என்று நான் பார்க்கவில்லை. சிரிப்பு கேட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. போன் அடிப்பதற்கு முன்பே, காலை ஒன்பது மணிக்கு, கீரைக்கட்டோடு அக்கா வந்துவிட்டார். போனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். நாய் தன் பெரிய தலையை அவர் காலடியில் வைத்துப் படுத்துக்கொண்டது. மணி அடித்ததும் வழக்கம்போல் நான் எழுந்து கையை நீட்டினேன். அவர் கை முந்தியிருந்தது.

"நானே எடுத்துக்கறனுங்க சார். உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றார்.

சொந்தமாக ஒரு இணைப்பு வாங்கும் வரை, ஏறக்குறைய இரண்டு வருடம், வெள்ளிக்கிழமை தவறாமல் அப்படித்தான் வந்தார். எங்களோடு காப்பி குடித்தார், மகனுக்குப் பெண் பார்த்த கதையெல்லாம் சொன்னார், நாய்க்கு இட்லி வைத்தார். மணி அடித்தால் மட்டும் என்னை எடுக்கவிட்டதே இல்லை. நானும் பிறகு கையை நீட்டுவதை நிறுத்திவிட்டேன்.