பட்டாபிராமில் ஒரு பிரெஞ்சு பாட்டில்

பட்டாபிராமில் ரயிலிறங்கி, நண்பர் சேகரின் புது ஃபிளாட்டில் சாப்பிட்டு அமர்ந்திருக்கிறேன். "விலை கம்மிதான், ஆனா பிரெஞ்சு," என்று இனிப்பு ஒயினைப் பெருமையாக வைக்கிறார். தக்கையைப் பிடுங்கத்தான் கருவியில்லை. அலமாரி மாட்ட வந்திருக்கும் கார்பெண்டர் மணி, ஒரு ஸ்க்ரூவைத் தக்கையில் திருகிக் குறடால் இழுத்துவிடுகிறார். அவருக்கும் ஒரு கிளாஸ்.

சேகர் கிளாஸைச் சுழற்றி மோந்து, "ஆப்ரிகாட் பழ வாசனை," என்கிறார்.

"அத்த நீங்க துன்னுகீறீங்களா சார்?" என்கிறார் மணி.

"இல்ல. நெட்ல போட்டிருக்கு."

மணி ஒரு வாய் சப்புகிறார். "பலாச்சுளையத் தேன்ல ஊறப்போட்ட மாறி கீது."

குடித்துப் பார்க்கிறேன், அதேதான். இன்னொரு கிளாஸ் கேட்கிறேன். சேகரின் முகம் சுருங்குகிறது.

அப்போது பக்கத்து ஃபிளாட்காரர் வருகிறார். சேகர் கிளாஸைச் சுழற்றி நீட்டுகிறார்: "பலாச்சுளை தெரியுதா? பழகின மூக்குக்குத்தான் தெரியும்."

மணி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.