பாரிசில் குளிரும் பிரபு

அவருக்கு நினைவு தடுமாறிவிட்டது என்றே அவருடைய குடும்பம் அப்போது நம்பியிருந்தது. என்னோடு வேலைபார்த்த அவர் மகள் ஒருநாள் சொன்னாள்: "அக்கா, ஆரோ ஒரு பிரபு பாரிஸில நல்ல கோட் இல்லாமல் குளிருக்க கிடக்கிறாராம். அந்தக் கவலையில அப்பா சாப்பிடுறாரில்ல. முதியோர் ஹோமுக்கு அப்ளை பண்ணப்போறன். ஒருக்கா வந்து பாருங்கோ."

இர்விங் நகரில் அவர்களுடைய அபார்ட்மெண்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். வீட்டுக்குள்ளும் டை கட்டியிருந்தார். மெலிந்த விரல்களால் பென்சில் சீவிக்கொண்டே இருந்தார். மேசையில் ஒரு கைப்பிரதி. மன்னனுக்காகப் போரிட்டுத் தோற்று, நிலங்களை இழந்து, இளவரசனோடு பாரிசுக்கு நாடுகடந்து வாழ்ந்த, பதினேழாம் நூற்றாண்டின் ஓர் அயர்லாந்துப் பிரபுவின் வரலாற்றை, நாளுக்கொரு பக்கமாக எழுதிவந்தார்.

தயங்கித்தான் கேட்டேன். "அங்கிள், இப்ப என்ன வருஷம்?"

சீவுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "மகள் கேக்கச் சொன்னவளோ? வருசம் எனக்கு நல்லாத் தெரியும், பிள்ளை. இளவரசன் ராசாவாத் திரும்பி வருவார், தனக்கும் வீடு கிடைக்கும் எண்டது, நான் எழுதின பக்கத்தில நிக்கிற அந்த மனுசனுக்குத்தான் இன்னும் தெரியாது. நான் முந்திப்போய்ச் சொல்லக் கூடாதல்லோ?"

வாசலில் நின்று கேட்ட மகள், சுவரில் சாய்ந்து, அழுகையும் சிரிப்புமாகப் பெருமூச்சு விட்டாள். அந்த விண்ணப்பத்தை அவள் அனுப்பவேயில்லை.

யாழ்ப்பாணத்தை விட்டு வந்த அவர், தான் திரும்புவதைப் பற்றி மட்டும் ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. போன மாதம் கடைசி அத்தியாயத்தில் பிரபு ஊர் திரும்பிவிட்டதாக மகள் சொன்னாள். அங்கிள் இர்விங்கில், அவள் வீட்டில் இருக்கிறார்.