இல்லாத நிலையத்தில் இறங்குகிறவர்கள்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களைக் கெஞ்சி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பேய்க் கதை சொல்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே இளக்காரம்தான். வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம், நாய் ஊளை... இந்த மூன்றை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகிறவர்கள். நான் சொல்லப்போவதில் இவை எதுவும் கிடையாது. மாலை நேரத்துப் புறநகர் ரயில், வியர்வை நாற்றம், ஒரு வளைவு. அவ்வளவுதான்.

ரயில்வேயின் நேர அட்டவணைப் பிரிவில் எனக்கு வேலை. எந்த வண்டி எங்கே தாமதமாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மீதி நேரத்தில், பனி பெய்கிற தேசங்களின் நாவல்களைத் தமிழில் படிப்பேன். எங்கள் மேலதிகாரிக்கு நாவலும் பிடிக்காது, பனியும் பிடிக்காது. மிச்சம் பிடித்த நிமிஷங்கள் மட்டும்தான் பிடிக்கும். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘நிமிஷம்’.

எங்கள் மிகப் பழைய பாதையில் மாலை வண்டிகள் எல்லாம் ஒரே இடத்தில் ஒரு நிமிடத்தைத் தொலைத்தன. கடைசி நிலையத்துக்கு முன்னால் ஒரு பெரிய வளைவு. அங்கே சிக்னல் இல்லை. நிலையம் இல்லை. புதரும் சாக்கடையும்தான். ஆனால் ஒவ்வொரு ஓட்டுநரும் அங்கே வண்டியை நிறுத்துவார். ஒரே ஒரு சின்ன ஹாரன். பிறகு கிளம்பிவிடுவார். உள்ளே இருக்கும் ஜனங்கள் சிக்னல் என்று நினைத்துக்கொண்டு கொட்டாவி விடுவார்கள். ஆட்டு மந்தை! நின்றால் நிற்கும், போனால் போகும்.

அந்த ஓட்டுநர்களில் ஒருவர் என் அக்காவின் கணவர். மாமாவிடமே கேட்டேன்.

“அங்க முன்னாடி ஒரு சின்ன ஸ்டேஷன் இருந்துச்சுடா. புதுத் தண்டவாளம் போட்டப்போ எடுத்துட்டாங்க.”

“எடுத்தாச்சுல்ல? அப்புறம் யாருக்காக நிறுத்துறீங்க?”

“இறங்குறவங்களுக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. படித்த மனிதர், மின்சார ரயில் ஓட்டுகிறவர், பேச்சைப் பாருங்கள்! “எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவங்க நிறுத்தினாங்க. நாங்களும் நிறுத்துறோம்,” என்றார்.

புது அட்டவணை வந்தது. நிமிஷம் என்னைக் கூப்பிட்டார். “இனிமே எவன் அங்க நிறுத்தினாலும் வேலை காலி. முதல் பலி உன் மாமாதான் போலிருக்கு. சொல்லி வை.”

அக்காவிடம் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டாள். “நீயும் கூடப் போடா. நீ பக்கத்துல இருந்தா நிறுத்த மாட்டார். இந்த வேலைய விட்டா அவருக்கு வேற என்ன தெரியும்?”

போனேன்.

மழைக்காலம். சீக்கிரமே இருட்டிவிட்டது. ஓட்டுநர் அறையில் மாமாவுக்குப் பின்னால் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு தகரச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் முதல் பெட்டி. நெரிசலின் இரைச்சல் தெளிவாகக் கேட்டது. ஒருவன் போனில் கத்திக்கொண்டிருந்தான். ஒரு பிள்ளை அழுதது. வழக்கமான சந்தைக்கடை.

மணி 6.40. வளைவு நெருங்கியது.

இரைச்சல் நின்றது.

சட்டென்று... ஒரு துணியால் மூடியதுபோல. போன்காரன் இல்லை. பிள்ளை இல்லை.

பிறகு வேறு சத்தம். ஆட்கள் எழுந்திருக்கிற சத்தம். செருப்புகள் தரையில் தேய்ந்தன. சாப்பாட்டுத் தூக்குகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன... டிங்... டிங்... இந்தக் காலத்தில் யார் தூக்கு கொண்டுபோகிறார்கள்?

“எழுந்துட்டாங்க,” என்றார் மாமா.

“யாரு?”

அவர் கை பிரேக்குக்குப் போனது.

“வேண்டாம் மாமா. அக்காவ நெனச்சுப் பாருங்க.”

கை மெதுவாக விலகியது.

மணி 6.41. வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. முழு வேகம்.

சரக்.

சரளைக் கல்லில் ஏதோ விழுந்த சத்தம்.

சரக்... சரக்...

ஒன்றன்பின் ஒன்றாக. அவசரமே இல்லாமல். வரிசையில் இறங்குகிற மாதிரி...

சரக்.

யாரும் கத்தவில்லை.

ஒருவர்கூட.

வளைவு முடிந்தது. பிள்ளை மறுபடி அழுதது. போன்காரன் விட்ட இடத்திலிருந்து கத்தினான்.

கடைசி நிலையத்தில் குதித்து, முதல் பெட்டிக்கு ஓடினேன். இறங்கிய ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். “வழியில யாராவது விழுந்தாங்களா?”

“ஏன் சார், நீங்க தள்ளிவிட்டீங்களா?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

பெட்டி காலியானது. மேலே தொங்கும் கைப்பிடிகள் எல்லாம் அசையாமல் இருந்தன. இடப்பக்க வாசலுக்கு மேலே இருந்தவை மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. இப்போதுதான் யாரோ கையை எடுத்தது போல...

நான் சொல்லி, நிலைய ஊழியர்கள் அந்த வளைவில் டார்ச் அடித்துத் தேடினார்கள். ஒரு செருப்புகூட இல்லை.

மறுநாள் நிமிஷம் என் கையைக் குலுக்கினார். “பிரமாதம்! ஒரு நிமிஷம் மிச்சம்!” அந்தப் பழைய நிலையத்தைப் பற்றிக் கேட்டேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்.

“அதுவா? நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. காலையில அங்க ஏறிப் போனவனுங்க சாயங்காலம் வர்றதுக்குள்ள பிளாட்பாரத்த இடிச்சாச்சு.”

“அவங்ககிட்ட சொல்லலையா?”

“யார்னு தேடிப் போய்ச் சொல்றது? நம்ம ஜனங்களுக்கு வண்டி நிக்குறதுக்கு முன்னாடியே இறங்குறதுல ஒரு பெருமை. எவனும் வெளிய பார்க்க மாட்டான். வளைவுல வண்டி சாஞ்சா போதும், கால் தானா இறங்கிடும். அன்னைக்கும் இறங்கிட்டானுங்க.”

“எத்தனை பேர்?”

“எண்ணி என்ன பண்ண? ஆட்டு மந்தை.” சிரித்தார்.

அன்று மாலை மாமா அந்த வளைவில் வண்டியை நிறுத்தினார். வேண்டுமென்றேதான். ஹாரனும் அடித்தாராம். மறுநாளே வேலை போனது. “ஒரே ஒரு நாள் இறக்கிவிடல. கண்ண மூடினா அந்தச் சத்தம்தான்டா,” என்றார். அக்கா என்னோடு பேசுவதில்லை. மற்ற ஓட்டுநர்கள் பயந்துவிட்டார்கள். இப்போது அங்கே எந்த வண்டியும் நிற்பதில்லை. எல்லாம் சரியான நேரம். எனக்குப் பாராட்டுக்கூட வந்தது, வெட்கக்கேடு.

போன வாரம் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். உட்கார இடம் கிடைத்தது. பனி பெய்கிற ஒரு நாவல். நல்ல கட்டம். வெளியே பார்க்கவில்லை.

யாரோ என் பையை வெடுக்கென்று இழுத்தார்கள்.

நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். முகத்தில் காற்று அறைந்தது. ஒரு கால் வெளியே தொங்கியது. புத்தகம் பைக்குள் இருந்தது. படித்த பக்கத்தில் டிக்கெட்டை அடையாளமாகவும் வைத்திருந்தேன். எப்போது எழுந்தேன், எப்போது வைத்தேன்... தெரியாது.

பையை இழுத்தது ஒரு நர்ஸ். இந்தப் பாதையில் தினமும் வருகிறவராம். பையை இன்னும் விடவில்லை. அவர் முகம் வெளிறியிருந்தது.

“இங்க இறங்காதீங்க, இங்க ஸ்டேஷனே இல்லன்னு கத்துறேன். ‘இதுதான் என் ஸ்டேஷன்’னு சொல்லிட்டே போறீங்களே தம்பி!”

நான் அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை.

“முந்தாநாளும் ஒருத்தர் இதே மாதிரிதான் சொன்னார்,” என்றார். “அவரை என்னால பிடிக்க முடியல.”