வேலிக்கு வெளியே ஒரு பூதம்

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை பூதம் வரும் தொடர் ஒன்று ஓடுகிறது. அன்றைக்கு நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். என் வயதுக்காரர்கள் அந்த நேரத்தில் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். என் மகளும் கூடவே உட்காருவாள். ஆனால் அவள் பார்ப்பது பூதத்தை அல்ல, அதைத் தூக்கும் கம்பியை. "அப்பா, அங்க பாருங்க லா, கம்பி தெரியுது" என்பாள். தெரியத்தான் செய்கிறது. கம்பி தெரிந்ததும் ரசிப்பதை நிறுத்திவிடுகிறவன் ரசிகன் அல்ல, கணக்குப் பரிசோதகன் என்று அவளிடம் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அலமாரி நிறையத் தத்துவப் புத்தகங்களை வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஏன் இப்படி என்று என் மனைவி பக்கத்து வீட்டில் வருத்தப்படுகிறாள்.

காரணம் எளிது. நானும் கொஞ்ச நேரம் பூத உத்தியோகம் பார்த்தவன்.

அப்போது மலாயாவில் அவசரகாலம், வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட காலம். சுவா என்ற ஊருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பால் இறக்க மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எங்கள் வீட்டு அரிசி போய்விடக் கூடாது என்பதற்காக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த தொழிலாளர் லயங்களை எல்லாம் காலி செய்து, மக்களை ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட். காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து வேலைக்குப் போகும்போது சோதனை, திரும்பும்போது சோதனை, மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே இருந்தால் சுடுவதற்கு அனுமதி. சாப்பாட்டுப் பொருள் எதுவும் வெளியே போகக் கூடாது. வெற்றிலைப் பையைக்கூடத் தட்டிப் பார்ப்பார்கள்.

இத்தனைக்கும் நடுவில் என் கவலை வேறாக இருந்தது. கடைக்காரர் மிளகாய் மடித்துத் தரும் தாள்கள், தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்து பழசாகிப்போன வாரப் பத்திரிகைகள். அவற்றில் ஒரு மாயாஜாலத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. இளவரசி கிளியாகி, கிளி கல்லாகி, கல்லை மந்திரவாதி கிணற்றில் எறிந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. அடுத்த அத்தியாயம் வேறு யாருடைய மிளகாயைச் சுற்றிப் போயிருக்கும் என்று விசாரித்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். "மரம் வெட்டுறவனுக்கு மண்டைக்குள்ள கிளி பூந்துருச்சி" என்று பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே தாளையும் எடுத்துத் தருவார்கள். பிறகு, கிளிக்கு என்ன ஆயிற்று என்று அவர்களே கேட்டு அனுப்புவார்கள்.

ஒரு விடுமுறை நாளில் போர்ட்டிக்சன் டவுன் சினிமாக் கொட்டகையில் பகல் காட்சியாக ஒரு பூதப் படம் பார்த்தேன். ஜாடியிலிருந்து பூதம் புகையாகக் கிளம்பி, ஆளாகி, இடுப்பில் கைவைத்து ஒரு பாட்டு பாடியது. முதலில் அடித்தொண்டையில் ஒரு சிரிப்பு, பிறகு தவில் மாதிரி உருளும் ஒரு குரல். அந்தப் பாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. காலை இருட்டில், கேட்டில் சோதனைக்கு வரிசையில் நிற்கும்போதெல்லாம் சிரிப்பிலிருந்து தொடங்கி முழுதாகப் பாடுவேன். கேட்டில் நின்ற காவல்காரர் மலாய்க்காரர், பக்கத்துக் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து ஆள், பெரிய மீசை. தூக்கம் கலையாத முகத்தோடு "தம்பி, காலையிலே ஹந்து பாட்டு வேண்டாம்" என்று தினமும் சொல்வார். ஹந்து என்றால் பேய். பேயல்ல, பூதம் என்று நானும் தினமும் விளக்குவேன்.

மாரியம்மன் திருவிழா வந்தது. இதில் ஒரு சிக்கல். மக்களை வேலிக்குள் கொண்டுவந்தவர்களால் அம்மனைக் கொண்டுவர முடியவில்லை. கோயில் பழைய லயத்துப் பக்கத்திலேயே, வேலிக்கு வெளியே நின்றது. திருவிழா என்றால் எங்கள் தோட்டத்தில் விடிய விடிய நாடகம் உண்டு. துரையிடமும் போலீசிடமும் கெஞ்சி வாங்கிய அனுமதியோ பகலுக்கு மட்டும். மதியம் தொடங்கி, ஆறு மணிக்குள் அத்தனை பேரும் கேட்டுக்குள் வந்துவிட வேண்டும். ராத்திரி பூராவும் நடக்க வேண்டிய பூதக் கதையை நல்ல வெயிலில் நடத்த வேண்டியதாயிற்று.

நாடகத்துக்குத் தலைவர் எங்கள் மண்டோர். வேலையை மேற்பார்ப்பவர் என்பதால் ராஜா வேஷம் எப்போதும் அவருக்குத்தான். பூதம் நான் என்று சொன்னபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒன்னைய ஜாடிக்குள்ள போட்டா சரியாத்தான் இருக்கும். வெளிய வந்தா யாரு தம்பி பயப்படுவா?"

நியாயமான கேள்வி. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் எடுக்கக் குனிந்தால் மரத்துக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாத உடம்பு. ஆனால் அந்தப் பாட்டைத் தோட்டத்தில் முழுதாகப் பாடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வேஷம் கிடைத்தது.

ஒத்திகையில்தான் என் உண்மையான எதிரியைச் சந்தித்தேன். மண்டோரின் கடைசி மகள், ஆறு வயது இருக்கும், முன்பல் இரண்டும் இல்லை. நான் சிரித்து, கண்ணை உருட்டி, கையை விரித்துப் பாடி முடித்ததும் அவள் வாயிலிருந்த கரும்பை எடுத்துவிட்டு, "இதுக்கெல்லாம் யாரு மாமா பயப்புடுவா?" என்றாள். "அன்னிக்கு வீட்டுக்குள்ள துப்பாக்கியோட வந்தாங்களே, அவங்களுக்கே நான் பயப்புடல."

அது உண்மைதான். பட்டாளத்துக்காரர்கள் லயத்தைச் சோதனை போட்ட அன்று அவர்கள் வீட்டுப் பானை சட்டியெல்லாம் வாசலில் உருண்டது. மற்றப் பிள்ளைகள் அலறினார்கள். இவள் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அன்றைக்குப் பிறகு இடி இடித்தாலும் சரி, விழுந்து முழங்கால் கிழிந்தாலும் சரி, ஒரு சத்தம் கிடையாது. "அலறக்கூட மாட்டேங்குது" என்று மண்டோர் பெருமையாகச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

என்ன ஆனாலும் அந்தப் பிள்ளையை ஒருமுறை அலற வைப்பது என்று முடிவு செய்தேன். துப்பாக்கிக்குப் பயப்படுவது பெரிய விஷயமல்ல, அதற்கு யாரும் பயப்படலாம். இல்லாத ஒன்றுக்குப் பயந்து அலறிவிட்டு, பிறகு சிரிக்கிற சுகம் இருக்கிறதே, அது அவளுக்குத் தெரியாமலே போய்விடக் கூடாது என்று தோன்றியது. இப்படிப் பெரிய வார்த்தைகளில் இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்கு ரோஷம், அவ்வளவுதான்.

சாயம் பூசினால் வெயிலில் வழிந்துவிடும். அட்டை முகமூடி போட்டால் பாட முடியாது. ரப்பர்த் தோட்டத்துக்காரன் மூளை எங்கே போகும்? பாலுக்குத்தான் போயிற்று. மரத்திலிருந்து இறங்கிய பாலில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து, முகத்தில் நேரடியாகப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று. முகத்தோடு முகமாக ஒட்டிய தோல் ஆகிவிடும். நெற்றியில் இரண்டு கொம்பை வைத்துப் பூசினால் முளைத்தது போலவே இருக்கும். வாய் அசைந்தால் அதுவும் அசையும். சினிமாக்காரர்களுக்கே தோன்றாத யோசனை என்று ராத்திரி படுக்கையில் என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

முதலில் முகத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் பின்னால் சுலபமாக உரியும். அதுவும் எனக்குத் தெரியும். அதற்காகவே திருவிழா அன்று சின்னப் புட்டியில் எண்ணெய் கொண்டுபோனேன். கேட்டில் மீசைக்காரர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். எண்ணெய் சாப்பாட்டுப் பொருள், வெளியே போகக் கூடாது. முகத்துக்கு என்றேன். முகத்துக்கு எண்ணெய் கேட்கிற ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. அம்மன் விளக்குக்கு மட்டும் கொஞ்சம் எண்ணெய் அனுமதி பெற்றுப் போயிருந்தது. பூசாரியிடம் கேட்டேன். பூதத்துக்கு எண்ணெய் கொடுத்து அம்மனை இருட்டில் வைக்கச் சொல்கிறாயா என்று விரட்டினார்.

தினமும் கையில் ஒட்டுகிற பால்தானே, வேலை முடிந்து தேய்த்தால் உரிந்துவிடுகிறதே என்று எண்ணெய் இல்லாமலே பூசிக்கொண்டேன். உள்ளங்கையில் புருவமும் மீசையும் கிடையாது என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

நாடகம் தொடங்கியது. ராஜா நேரத்துக்குள் முடிக்க வேண்டிய கவலையில் மகளின் சுயம்வரத்தைக்கூடக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடத்தினார். மந்திரவாதி ஜாடியைத் தேய்த்தான். புகைக்கு ஈர இலை போட்டுக் கொளுத்தியிருந்தார்கள். அது காற்றோடு ராஜா பக்கம் போய் அவரை இரும வைத்தது. நான் எழுந்தேன். நீல முகம், கொம்பு, இடுப்பில் கை. சிரித்தேன். பாடினேன். என் வாழ்நாளில் அப்படி ஒருமுறை பாடியதில்லை, பிறகும் பாடவில்லை. பெரியவர்கள் கைதட்டினார்கள்.

முன்வரிசையில் அவள், பழைய லயத்துப் பக்கம் ஒடித்த கரும்போடு உட்கார்ந்திருந்தாள். அருகே குனிந்து உறுமினேன். என் முகத்தைக் கவனமாகப் பார்த்துவிட்டுத் தன் கூட்டாளிகளிடம் திரும்பினாள்.

"பூதத்துக்கு வேர்க்குதுடி."

அதற்குப் பிறகு அந்த நாடகத்தில் யார் யாரைக் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று எனக்கு நினைவில்லை.

முடிந்ததும் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். நான் கோயில் பின்னால் நின்று தாடையோரம் நகத்தால் நெம்பினேன். பால் வந்தது, கூடவே தோலும் வருவது போலிருந்தது. கிருதாப் பக்கம் இழுத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மந்திரவாதியாக நடித்த நண்பன் காலை என் மார்பில் ஊன்றி இழுக்கட்டுமா என்று அன்பாகக் கேட்டான். மண்டோர் கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "நேரமாச்சி. உள்ள போயி உரிச்சிக்கலாம், நட."

வரிசையின் கடைசியில் நான் நின்றேன். என் முறை வந்தபோது மீசைக்காரர் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார். "இனி ஹந்து சியாப்பா?" என்று மலாயில் கேட்டார். இந்தப் பேய் யார் என்று அர்த்தம். அடையாள அட்டையை நீட்டினேன். அதில் அரும்பு மீசையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக நான் இருந்தேன். அவர் படத்தைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். காதை மட்டும் ஒத்துப்பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

இவன் நம்ம பையன்தான் என்று மண்டோர் சொன்னார். பக்கத்தில் நின்ற பெண்களும் சொன்னார்கள். முகம் தெரியாத ஒருவனைச் சாட்சியின் பேரில் உள்ளே விட்டு, நாளைக்கு ஏதாவது ஆனால் தன் வேலை போய்விடும் என்றார் மீசைக்காரர். அதுவும் நியாயம்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் அந்த மாதம் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தது. இந்தப் பக்கம் வேலி, அந்தப் பக்கம் காடு, நடுவில் முகம் இல்லாத நான். ரசிகனாக இருந்தது போதும் என்று முதல்தடவையாகத் தோன்றியது.

மீசைக்காரர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில், "தம்பி, அந்த ஹந்து பாட்டு பாடு" என்றார்.

அடித்தொண்டையில் சிரித்தேன். சிரிப்பு நடுங்கியது. இரண்டாவது அடி வருவதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "போதும் லா. நீதான்." அரசாங்கம் படம் பிடித்துக் கொடுத்த அட்டை செய்யாததை, அவர் தினமும் திட்டிய பாட்டு செய்தது. கேட்டைத் திறந்தவர் மேசைக்கடியிலிருந்து என் எண்ணெய்ப் புட்டியை எடுத்து நீட்டினார். வேலிக்கு உள்ளே எண்ணெய்க்குத் தடை இல்லை.

கேட்டுக்கு உள்ளே குழாயடி. எண்ணெயைத் தாராளமாகப் பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். பூச்சுக்கு மேல் தடவுகிற எண்ணெய் அடியில் போகாது என்பது தடவிய பிறகு தெரிந்தது. பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் எதிரிலேயே குந்தியிருந்தாள், கரும்பு தீர்ந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் கொம்பைப் பிடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பு.

நெற்றியிலிருந்து தாடை வரை முகம் முழுசாக என் கையோடு வந்தது.

குழாயடியே அதிரும்படி ஓர் அலறல் கேட்டது. முதலில் என்னுடையது என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தால், அவள் பின்பக்கமாகச் சேற்றில் உட்கார்ந்து, பல்லில்லாத வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள். கத்திவிட்டு ஓடிப்போய் அப்பாவின் ராஜா வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மண்டோர் அவள் தலையில் கைவைத்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நாடகத்தில் நடந்த ராஜா மகளின் சுயம்வரத்தில்கூட நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வேட்டிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நான் வெற்றிக் களிப்பில், கையில் தொங்கிய நீல முகத்தை ஆட்டிக் காட்டினேன்.

"எப்படி? பூதத்துக்குப் பயந்தியா இல்லியா?"

அவள் ஒற்றைக் கண்ணை மட்டும் வெளியே நீட்டினாள். என் புருவமும் மீசையும் அந்த நீலத் தோலோடு போயிருந்தன. மிச்சமிருந்தது தக்காளிப் பழம் போல ஒன்று.

"பூதத்துக்கு இல்ல மாமா," என்றாள். "உள்ள இருந்து நீங்க வந்தீங்க பாருங்க, அதுக்குத்தான்."

கூடியிருந்தவர்கள் சிரித்து ஓயச் சற்று நேரமாயிற்று. காவல்காரரும் கேட்டில் நின்றபடியே சிரித்தார். எனக்கு அது போதும். அலறல் அலறல்தான்.